பெம்புரோக்‌ஷயர் கடலோரத்தில் தனியாக ஒரு நாள் கயாக் பயணம்: புதியவர்களுக்கான வழிகாட்டி

வேல்ஸ் நாட்டின் மேற்கு முனையில், செயின்ட் டேவிட்ஸ் ஊரை ஒட்டிய வைட்சாண்ட்ஸ் கடற்கரையில் தொடங்கி அபர்காசில் என்ற சிறிய குடாவில் முடியும் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் கடலோரத்தைத் கயாக் எனும் ஒடுங்கிய துடுப்புப் படகில் தனியாகக் கடக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். செங்குத்தான பாறைச் சுவர்கள், குகைகள், சீல் எனப்படும் கடல்நாய்கள், கரையேற இடமே இல்லாத நீண்ட பகுதி என எல்லாமும் இந்த ஒரு நாளில் அடங்கியிருக்கின்றன. இதற்குத் தேவையான தகவல்கள் எங்கும் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. ரேடியோ உரிமத்துக்கு ஓர் அலுவலகம், கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓத நேரத்துக்கு இன்னொன்று, பேருந்துக்கு வேறொன்று என அலைந்து, பலரிடம் கேட்டுத்தான் நான் இவற்றைத் திரட்டினேன். பிரிட்டனில் வசிக்கும் தமிழர்களில் பலர் இப்போது மலையேற்றம், நெடுநடை எனத் தொடங்கிக் கடலுக்கும் வருகிறார்கள். அவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாக வேண்டும்.

விலைகள் அனைத்தும் தோராயமானவை, ஆண்டுதோறும் மாறக்கூடியவை.

1. தகுதி: எப்போது தனியாகப் போகலாம்

பிரிட்டனில் கடலில் கயாக் ஓட்டுவதற்கு எந்த ஓட்டுநர் உரிமமும் சட்டப்படி தேவையில்லை. யாரும் உங்களைத் தடுத்து நிறுத்தமாட்டார்கள் என்பதாலேயே உங்கள் தகுதியை நீங்களே கண்டிப்பாக மதிப்பிட வேண்டியிருக்கிறது. என் அளவுகோல் இது: கவிழ்ந்தால், அலையடிக்கும் நீரில், யாருடைய உதவியும் இல்லாமல், இரண்டு வெவ்வேறு முறைகளில் படகுக்குள் திரும்ப ஏறத் தெரிந்திருக்க வேண்டும். நீச்சல் குளத்தில் செய்து காட்டியது கணக்கில் சேராது. குளத்து நீர் வெதுவெதுப்பாக இருக்கும், அலை இருக்காது, படகில் சாமான் இருக்காது.

இதற்கு ஓர் ஆண்டு ஒதுக்குங்கள். இலையுதிர் காலத்தில் அருகிலுள்ள கயாக் சங்கத்தில் சேர்ந்தால், குளிர்காலம் முழுவதும் நீச்சல் குளத்தில் உருண்டு எழும் பயிற்சியைக் குறைந்த செலவில் பெறலாம். ஆண்டுச் சந்தா பெரும்பாலும் 60 முதல் 150 பவுண்டுக்குள் இருக்கும். வசந்த காலத்தில், முன்பு பிரிட்டிஷ் கனூயிங் என்று வழங்கிய பேடில் யுகே அமைப்பின் கடல் கயாக் பயிற்சியையும், கடலோர வழியறிதலும் ஓதத் திட்டமிடலும் பற்றிய ஒருநாள் வகுப்பையும் முடியுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஓதத் திட்டமிடல் வகுப்பையே தேர்ந்தெடுப்பேன். துடுப்பு வீசும் திறமையைச் சங்கத்து மூத்தவர்கள் சொல்லித் தந்துவிடுவார்கள். ஓத அட்டவணையைப் படித்து முடிவெடுக்கும் பழக்கத்தை யாரும் போகிற போக்கில் கற்றுத் தருவதில்லை.

அதன் பிறகு, இதே வழியைக் குழுவோடு ஒருமுறையாவது கடந்துவிட்டுத்தான் தனியாகப் போக வேண்டும். முன்பின் பார்க்காத கடலோரத்தில் தனிப் பயணம் தொடங்குவதை எந்த அனுபவசாலியும் பரிந்துரைக்க மாட்டார்.

2. உரிமங்கள், பதிவுகள், காப்பீடு

படகுக்கு உரிமம் வேண்டாம் என்றாலும், கையில் எடுத்துப்போகும் கருவிகளுக்கு வேண்டும். பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

கடலில் பேசப் பயன்படும் கையடக்க விஎச்எஃப் ரேடியோவுக்கு இரண்டு தனித்தனி ஆவணங்கள் உண்டு. ஒன்று, கருவிக்கான உரிமம். இதைப் பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பெறலாம். கையடக்கக் கருவிக்கான வகையைத் தேர்ந்தெடுத்தால், ஆபத்து அழைப்பில் உங்களை அடையாளம் காட்டும் எம்எம்எஸ்ஐ எண்ணும் அதனுடனேயே கிடைக்கும். மற்றொன்று, கருவியை இயக்கும் மனிதருக்கான குறுந்தொலைவுச் சான்றிதழ். இதற்கு ஒரு நாள் வகுப்போ இணையவழி வகுப்போ முடித்துத் தேர்வு எழுத வேண்டும். வகுப்பும் தேர்வும் சேர்ந்து 150 முதல் 220 பவுண்ட் வரை ஆகும். தேர்வு இடங்கள் வசந்த காலத்தில் விரைவில் நிரம்பிவிடுவதால் குளிர்காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது. கருவியின் உரிமம் கையில் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துச் சான்றிதழை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

அடுத்தது பிஎல்பி எனப்படும் தனிநபர் ஆபத்து அறிவிப்புக் கருவி. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உங்கள் இருப்பிடத்தை மீட்புக் குழுவுக்குத் தெரிவிக்கும். விலை 200 முதல் 280 பவுண்ட்; மாதச் சந்தா கிடையாது. வாங்கியவுடன் பிரிட்டனின் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். இது இலவசம், சட்டப்படி கட்டாயமும் கூட. வேறு நாட்டில் இருக்கும் உறவினரிடம் சொல்லி மலிவாக வாங்கி வராதீர்கள். ஒவ்வொரு கருவியும் ஒரு நாட்டின் குறியீட்டோடு விற்கப்படுவதால், இங்கே பதிவு செய்ய முடியாமல் போகலாம். பழைய கருவி வாங்கினால் பேட்டரி காலாவதித் தேதியை முதலில் பாருங்கள்.

பதிவுப் படிவத்தில் அவசரத் தொடர்பாளர் என்று ஒருவரைக் குறிப்பிட வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் பெற்றோரின் எண்ணைக் கொடுப்பது நமக்கு இயல்பாக வரும் பழக்கம். இங்கே அது உதவாது. கடலோரக் காவல் படை அழைக்கும்போது, நீங்கள் எங்கே, எந்த நிறப் படகில், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று ஆங்கிலத்தில் உடனே சொல்லக்கூடிய, பிரிட்டனில் இருக்கிற நண்பரே அந்த இடத்துக்கு ஏற்றவர். அவரிடமிருந்து 999 அழைப்பும் நேராகப் போகும். வெளிநாட்டிலிருந்து அந்த எண் இங்கே இணையாது.

சிலர் பிஎல்பிக்குப் பதிலாகவோ கூடுதலாகவோ கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் செய்திக் கருவியை வைத்திருப்பார்கள். நல்ல கருவிதான். ஆனால் இந்தியாவுக்குப் போகும்போது அதைப் பையிலிருந்து எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முன் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளை இந்தியாவுக்குள் கொண்டுபோவது குற்றம். விமான நிலையத்திலேயே பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, பேடில் யுகே அல்லது வேல்ஸின் பேடில் கம்ரி உறுப்பினர் சந்தாவிலேயே பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு சேர்ந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 50 பவுண்ட். ஆறுகளுக்கும் கால்வாய்களுக்குமான உரிமம் கடலுக்குத் தேவையில்லை. அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். உங்கள் படகு திருட்டுப் போனால் இந்தக் காப்பீடு உதவாது, அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும்.

இன்னொரு ஆவணம் காருக்கானது. ஐந்து மீட்டர் நீளப் படகைப் பேருந்தில் ஏற்ற முடியாது என்பதால் கார் தவிர்க்க முடியாதது. இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமங்களைக் கொண்டு, இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் மட்டுமே ஓட்டலாம். அவற்றைப் பிரிட்டிஷ் உரிமமாக நேரடியாக மாற்றிக்கொள்ளவும் முடியாது, தேர்வு எழுதித்தான் பெற வேண்டும். படகின் முனை காருக்குப் பின்னால் 1 மீட்டருக்கு மேல் நீண்டால் பளிச்சென்று தெரியும் துணியாவது கட்டியிருக்க வேண்டும்.

3. படகு, உடை, செலவு

வாடகைக்குப் படகு எடுத்துவிடலாம் என்று பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். நானும் விசாரித்தேன். கடற்கரையில் எளிதாகக் கிடைப்பவை மேலே உட்கார்ந்து ஓட்டும் குட்டைப் படகுகள்; அவை இந்தப் பயணத்துக்கு உதவா. நீர் புகாத அறைகளும் மேல்தளத்தில் பிடிகயிறும் கொண்ட முழுநீளக் கடல் கயாக்கைத் தனி ஆளுக்குக் கொடுக்கக் கடைக்காரர்கள் தயங்குவார்கள். சான்றிதழைக் காட்டியும் எனக்கு ஒரு கடையில் மறுத்துவிட்டார்கள். அவர்கள் காப்பீட்டு விதி அப்படி. எனவே, பழைய படகு ஒன்றைச் சொந்தமாக வாங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். பிளாஸ்டிக் படகு 500 முதல் 900 பவுண்டுக்கும், கண்ணாடியிழைப் படகு 1,000 முதல் 1,800 பவுண்டுக்கும் கிடைக்கும். வாங்கும் முன் அறை மூடிகளைக் கழற்றி, ரப்பர் விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். படகைச் சாய்த்து ஓர் அறையில் ஒரு வாளி நீர் ஊற்றினால், தடுப்புச் சுவர் கசிகிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லையென்றால் வேறு படகு பாருங்கள்.

உடைக்குச் செலவிடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்தக் கடலின் வெப்பநிலை மார்ச்சில் ஏறக்குறைய 8 டிகிரி, ஜூன் தொடக்கத்தில் 12 அல்லது 13, ஆகஸ்ட் இறுதியில் 16 டிகிரி. நம் ஊர்க் கடல் 27, 28 டிகிரியில் இருக்கும். அந்த உடம்போடு வந்து இந்த நீரில் விழுந்தால், முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. விசுக்கென்று உள்ளிழுக்கும் அந்த மூச்சில் நீரும் சேர்ந்து போவதுதான் ஆளைக் கொல்கிறது. கை கால்கள் மரத்துப்போவது அதற்குப் பிறகு. வெயில் அடிக்கிறதே என்று டி‑ஷர்ட்டோடு இறங்காதீர்கள். காற்றின் வெப்பத்துக்கு அல்ல, நீரின் வெப்பத்துக்கு உடுத்த வேண்டும். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை வைத்த, நீர் புகாத முழு உடை 500 முதல் 1,000 பவுண்ட் வரை ஆகும். பழையது வாங்கினால் கழுத்துப் பட்டையை மாற்ற வேண்டியிருக்கலாம். மிதவை உடுப்பு 80 முதல் 150 பவுண்ட். மாற்றுத் துடுப்பு, நீர் இறைக்கும் பம்பு, திரும்ப ஏறும்போது துடுப்பில் மாட்டும் மிதவை, உட்காரும் துளையை மூடும் அலைத் தடுப்புத் துணி எல்லாம் சேர்ந்து பழைய விலையில் 200 பவுண்டுக்குள் முடியும்.

பயிற்சி, படகு, உடை, கருவி, காரின் கூரைத் தண்டுகள் எல்லாவற்றையும் கூட்டினால், பழைய பொருட்களாகப் பார்த்து வாங்கினாலும் முதல் ஆண்டில் 2,000 பவுண்டைத் தாண்டும். இதைக் குறைக்க வேண்டுமென்றால், சங்கத்தின் படகை இரவல் பெறுங்கள். உடையிலும் பிஎல்பியிலும் குறைக்காதீர்கள்.

4. நாளைத் தேர்ந்தெடுத்தல்: அஷ்டமி, நவமிக் கணக்கு

இந்த வழிகாட்டியில் எதைத் தாண்டிப் போனாலும் இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இங்கே பயண நாளையும், கிளம்பும் நேரத்தையும், போகும் திசையையும்கூடத் தீர்மானிப்பது ஓதம்தான். விடுமுறை கிடைத்த சனிக்கிழமைக்கு ஓதத்தைப் பொருத்த முயல்வது ஆபத்தில் முடியும்.

இங்கே கடல்மட்டம் ஏறி இறங்கும் உயரம் நம் ஊரில் கற்பனை செய்ய முடியாதது. சென்னைக் கடற்கரையில் அது ஒரு மீட்டர் அளவுதான். இந்தக் கடலோரத்தின் ஓதக் கணக்குக்கு அடிப்படையான மில்ஃபோர்டு ஹேவன் துறைமுகத்தில், அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாட்கள் கழித்து வரும் பெரிய ஓதத்தில் ஏறக்குறைய 6.3 மீட்டர், அஷ்டமிக்கு ஓரிரு நாட்கள் கழித்து வரும் சிறிய ஓதத்தில் ஏறக்குறைய 2.7 மீட்டர். அவ்வளவு நீரும் முனைகளைச் சுற்றி ஓடியாக வேண்டும். வைட்சாண்ட்ஸுக்குத் தெற்கே, ராம்சி தீவுக்கும் கரைக்கும் இடைப்பட்ட ராம்சி சவுண்டு என்ற நீரிணையில், பெரிய ஓத நாட்களில் நீரோட்டம் 6 நாட் (மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர்) வேகத்தைத் தொடும். பழகிய கயாக் ஓட்டியின் சாதாரண வேகம் 3 முதல் 3.5 நாட். அதாவது முழு மூச்சாகத் துடுப்பு போட்டாலும் பின்னோக்கித்தான் போவீர்கள்.

எனவே முதல் தனிப் பயணத்துக்குச் சிறிய ஓத நாட்களே பொருத்தமானவை. நம் நாட்காட்டியில் அஷ்டமி, நவமி என்று நல்ல காரியம் தொடங்காமல் ஒதுக்கிவைக்கும் நாட்களில் தொடங்கி ஏகாதசி வரை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடலில் அவைதான் நல்ல நாட்கள். வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் இது பொருந்தும்.

இப்போது திசை. மில்ஃபோர்டு ஹேவனில் பெரிய ஓத நாட்களில் நீர் உச்சம் காலையிலும் மாலையிலும் வரும். சிறிய ஓத நாட்களில் நண்பகலுக்குப் பின்னும் நள்ளிரவுக்குப் பின்னும் வரும். நீர் உச்சத்துக்கு ஏறக்குறைய 3 மணி நேரம் முன்பு தொடங்கி 3 மணி நேரம் பின்பு வரை, இந்தக் கடலோரத்தில் நீரோட்டம் வடக்கு, வடகிழக்காகப் போகிறது. அடுத்த ஆறு மணி நேரம் எதிர்த்திசையில் போகிறது. எனவே சிறிய ஓத நாளில், பகல் நடுவில் உங்களுக்குக் கிடைப்பது வடகிழக்கு ஓட்டம். அதனால்தான் வைட்சாண்ட்ஸில் தொடங்கி அபர்காசிலில் முடிக்கச் சொல்கிறேன். வழக்கமாக வீசும் தென்மேற்குக் காற்றும் முதுகுப் பக்கம் அமையும்.

இதில் இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது, நீர் உச்சத்தில் மட்டம் அசையாமல் நிற்பதைப் பார்த்து ஓட்டமும் நின்றுவிட்டது என்று நினைப்பது. இங்கே நேர்மாறு: மட்டம் உச்சத்தில் நிற்கும் வேளையை ஒட்டியே ஓட்டம் மிக வலுவாக இருக்கும். ஆற்று முகத்துவாரங்களில் பழகியவர்கள் இதில் தவறாமல் சிக்குவார்கள். இரண்டாவது, நேரக் கணக்கு. அச்சிட்ட அட்டவணைகள் பல கிரீன்விச் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். சில அட்டவணைகள் கூட்டியே தந்திருக்கும். எது என்று பக்கத்தின் அடிக்குறிப்பைப் பார்க்காமல் கணக்கிடாதீர்கள். அட்மிரால்டியின் ஈஸிடைட் தளத்தில் அடுத்த ஏழு நாட்களுக்கான நேரங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிடலாம். நான் சொன்ன 3 மணி நேரம் திட்டத்துக்கான தோராயம் மட்டுமே. ஒவ்வொரு முனைக்குமான துல்லியமான நேரத்தைக் கடலோர வழிகாட்டி நூலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதங்களில் ஜூன் மாதத்தைச் சொல்வேன். சூரியன் இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான் மறைகிறது என்பதால், தாமதமானாலும் வெளிச்சம் இருக்கும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை சாம்பல் கடல்நாய்கள் குட்டி போடும் காலம். அப்போது சிறு கடற்கரைகளிலும் குகைகளிலும் நுழையவே கூடாது. மிரண்ட தாய் குட்டியைக் கைவிட்டுவிடக்கூடும். மார்ச் முதல் ஜூலை வரை பாறைச் சுவர்களில் கடற்பறவைகள் கூடு கட்டியிருக்கும். பெம்புரோக்‌ஷயர் கடல் நெறிமுறை வரைபடத்தில் விலகிப் போக வேண்டிய இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. அதை இறக்கி, உங்கள் வரைபடத்தில் வண்ணப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

5. வானிலையைப் படித்தல்

தொலைபேசியில் வரும் சாதாரண வானிலைச் செயலியை நம்ப வேண்டாம். மெட் ஆஃபிஸ் வெளியிடும் கடலோர நீர்ப்பரப்பு முன்னறிவிப்பைப் படியுங்கள். செயின்ட் டேவிட்ஸ் முனை இரண்டு பகுதிகளின் எல்லை என்பதால், லேண்ட்ஸ் எண்டு முதல் செயின்ட் டேவிட்ஸ் முனை வரையிலான பகுதியையும், அங்கிருந்து கிரேட் ஓர்ம் வரையிலான பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் காற்று 3ஐத் தாண்டினால் தனியாகப் போக வேண்டாம் என்பது என் முடிவு. திசையும் முக்கியம். வடகிழக்குக் காற்று ஓட்டத்துக்கு எதிராக வீசுவதால், 3 அளவிலேயே முனைகளில் அலை குத்துக்குத்தாக எழும்பும். தென்கிழக்குக் காற்று இதைவிட ஏமாற்றக்கூடியது. அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் பாறைச் சுவரின் அடியில் கடல் குளம்போல் அமைதியாகத் தெரியும். ஒரு பள்ளத்தாக்கின் வாயைக் கடக்கும்போது திடீரென்று வெளியே தள்ளும். காற்றே இல்லாத நாளிலும் அட்லாண்டிக்கிலிருந்து வரும் நீண்ட அலையை மறக்கக் கூடாது. அலை உயரம் 1 மீட்டருக்கு மேல் இருந்தால் வைட்சாண்ட்ஸில் இறங்குவதும், பாதி வழியைத் தாண்டி வரும் அபெரெய்தி கடற்கரையில் கரையேறுவதும் கடினமாகிவிடும்.

இரண்டு நாள் முன்பு ஒருமுறை, முந்தைய மாலை ஒருமுறை, அன்று காலை ஒருமுறை எனப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் போகாதீர்கள். லண்டனிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி வந்துவிட்டோமே என்ற எண்ணம்தான் தவறான முடிவுக்குத் தள்ளும். அதனால், வந்தும் கடலில் இறங்காவிட்டால் அன்று என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே திட்டமிடுங்கள். இங்குள்ள கடலோர நடைபாதை அதற்கு மிக நல்ல மாற்று.

6. கார், பேருந்து, பூட்டு

தனியாகப் போகிறவருக்கு வரும் சிக்கல், தொடங்கிய இடத்துக்குத் திரும்புவது. கோடையில் 404 எண் கொண்ட ஸ்ட்ரம்பிள் ஷட்டில் பேருந்து, அபர்காசில் வழியாகச் செயின்ட் டேவிட்ஸுக்கு வருகிறது. அங்கிருந்து வைட்சாண்ட்ஸுக்கு 403 எண் செல்டிக் கோஸ்டர் உண்டு, இல்லையென்றால் மூன்று கிலோமீட்டர் நடக்கலாம். ஒரு நாளைக்கு ஒருசில பேருந்துகளே ஓடுகின்றன. அந்த ஆண்டின் நேர அட்டவணையைப் பார்த்து, கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். அதைப் பிடிப்பதற்காகக் கடலில் அவசரப்படக் கூடாது என்பதால், உள்ளூர் வாடகைக் கார் ஒன்றின் எண்ணையும் முன்பே விசாரித்து வைத்திருங்கள்.

படகை அபர்காசிலில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருப்பதால் கம்பிப் பூட்டு ஒன்று வேண்டும். நீர் உச்சக் கோட்டுக்கு மேலே, பிறர் படகு இறக்கும் வழியை மறிக்காத இடத்தில் பூட்டுங்கள். உலர்ந்த உடை, செருப்பு, பணம் ஆகியவற்றைப் படகின் அறையிலேயே கொண்டுபோனால்தான் பேருந்தில் ஏற முடியும். காரின் மின்னணுச் சாவியை இரண்டு நீர் புகாப் பைகளுக்குள் வையுங்கள். உப்புநீர் பட்ட சாவி அன்று மாலை உங்களைக் கார் நிறுத்துமிடத்திலேயே நிறுத்திவிடும்.

7. முந்தைய இரவு செய்ய வேண்டியவை

பயணத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி, படம் எடுத்துப் பிரிட்டனில் உள்ள நண்பருக்கு அனுப்புங்கள். படகின் நிறம், உடையின் நிறம், தொடங்கும் நேரம், ஒவ்வொரு இடத்தையும் கடக்கும் நேரம், கரையேறிச் செய்தி அனுப்பும் நேரம் ஆகியவற்றோடு, எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் 999ஐ அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேட்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சேஃப்டிரெக்ஸ் செயலியிலும் பயணத்தைப் பதியுங்கள், இது இலவசம். நீங்கள் தாமதமானால் அது நீங்கள் பெயர் கொடுத்த தொடர்பாளருக்குத்தான் செய்தி அனுப்பும். ஆகவே அந்த நண்பர் தூங்கிவிடாத ஆளாக இருக்க வேண்டும்.

ரேடியோவும் பிஎல்பியும் உடம்பில், மிதவை உடுப்பின் பைகளில் இருக்க வேண்டும். படகின் அறைக்குள் வைத்த கருவி, படகு கைவிட்டுப் போன பிறகு பயன்படாது. கைப்பேசி இவற்றுக்கு மாற்றல்ல. பாறைச் சுவர்களுக்குக் கீழே பல இடங்களில் சிக்னலே இருக்காது. நீர் 2 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். உணவுக்குப் புளிசாதம் நன்றாகத் தாங்கும். அதோடு, ஒரு கையால் எடுத்து வாயில் போடக்கூடிய பேரீச்சம்பழம், கடலைமிட்டாய் போன்றவற்றை மிதவை உடுப்புப் பையிலும் வையுங்கள். கரையேறும் வரை அறையைத் திறக்க முடியாது.

8. கடலில்: எந்த நேரத்தில் எங்கே

எடுத்துக்காட்டாக, மில்ஃபோர்டு ஹேவனில் நீர் உச்சம் கோடை நேரப்படி 13:30 என்று வைத்துக்கொள்வோம். வடகிழக்கு ஓட்டம் ஏறக்குறைய 10:30க்குத் தொடங்கும். 9 மணிக்கு வைட்சாண்ட்ஸ் வந்துவிட்டால் சாமான் அடுக்கவும் அலையைப் பார்க்கவும் நேரம் இருக்கும். கடற்கரை உயிர்காப்பாளர்கள் இருக்கும் நாட்களில், சிவப்பு‑மஞ்சள் கொடிகளுக்கு இடையில் நீச்சலடிப்பவர்கள் இருப்பார்கள். கயாக்குகள் கறுப்பு‑வெள்ளைக் கட்டக் கொடிகளின் பக்கம் இறங்க வேண்டும். ரேடியோவில் மில்ஃபோர்டு ஹேவன் கடலோரக் காவல் நிலையத்தை 16ஆம் அலைவரிசையில் அழைத்து, அவர்கள் சொல்லும் அலைவரிசைக்கு மாறி, தனியாக ஒருவர், எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வேன் என்று சொல்லுங்கள். கருவி வேலை செய்கிறதா என்பதும் இதில் உறுதியாகிவிடும்.

10:15க்குக் கிளம்பினால் 2 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செயின்ட் டேவிட்ஸ் முனையை ஓட்டம் வலுப்பெறும் முன் அடையலாம். முனைக்கு முன்பே நின்று, அப்பால் உள்ள நீரைச் சில நிமிடங்கள் பாருங்கள். வெள்ளை நுரை தொடர்ந்து தெரிந்தாலோ, வயிற்றில் கலக்கம் இருந்தாலோ திரும்பிவிடுங்கள். இந்த இடத்தில் திரும்புவது எளிது. முனையைத் தாண்டிய பிறகு, அபெரெய்தி வரை ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்கு நம்பிக்கையாகக் கரையேற இடமில்லை. கான் லிடி, பென்பெரி என்ற இரண்டு குன்றுகள் வலப்புறம் தெரிந்துகொண்டே வரும். அவற்றை வைத்து எவ்வளவு தூரம் வந்தோம் என்று கணிக்கலாம். பாறையை ஒட்டிப் போக ஆசையாக இருக்கும். தனியாக இருக்கும்போது, சுவரில் மோதித் திரும்பும் அலை குழப்பாத அளவுக்குத் தள்ளியே போங்கள். குகைக்குள் நுழைவதைக் குழுவோடு வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

12:45 அளவில் அபெரெய்தி வந்துவிடும். கரும்பலகைக் கல்லின் துகளால் கறுத்த மணல். தட்டையான கற்கள் அலையில் உருளும் சத்தம் படகிலிருந்தே கேட்கும். கரையை ஒட்டி அலை சட்டென்று உடைவதால், ஓர் அலைத் தொடர் முடியும் வரை வெளியே காத்திருந்து, பிறகு நேராக உள்ளே வாருங்கள். சாப்பிட்டு, உடம்பை நீட்டி, நண்பருக்குச் செய்தி அனுப்ப முயன்று பாருங்கள். களைப்பாக இருந்தால் பயணத்தை இங்கேயே முடிக்கலாம்; கார் வரும் சாலை இருக்கிறது. அருகிலுள்ள நீலக் குளம், கடல் புகுந்த பழைய கல்குவாரி. குறுகிய வெட்டு வழியாக உள்ளே போகலாம், ஆனால் அலை இருக்கும் நாளில் அந்த வாயிலை நெருங்காதீர்கள்.

அங்கிருந்து 2.5 கிலோமீட்டரில் போர்த்கெய்ன். துறைமுக வாயிலின் இரு பக்கக் குன்றுகளிலும் உள்ள வெள்ளை அடையாளத் தூண்கள் தூரத்திலேயே தெரியும். உள்ளே எந்த அலையும் அண்டாத சரிவுத்தளம் உள்ளதால் இந்தப் பயணத்தின் மிகப் பாதுகாப்பான ஒதுங்குமிடம் இதுதான். 14:30க்குப் பிறகு இங்கே வந்தால், மீதி 5 கிலோமீட்டரைத் தொடரும் முன் காற்றை மறுபடி பாருங்கள். ட்ரெஃபின் ஊரின் பழைய ஆலை இடிபாடுகளைக் கடந்து, தீவுத் துண்டு ஒன்று காவல் நிற்கும் அபர்காசில் குடாவுக்குள் 16:00 அளவில் திரும்பிவிடலாம். 16:30க்கு ஓட்டம் நிற்கும். அதற்குள் முடிப்பதே திட்டம்.

9. கவிழ்ந்தால்

படகை விடாதீர்கள். துடுப்பை விடாதீர்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சு சீராகும் வரை படகைப் பிடித்தபடி மிதந்து, பிறகு ஏறுங்கள். இரண்டு முறை முயன்றும் ஏற முடியாவிட்டால், கை மரத்துப்போகும் முன் ரேடியோவின் சிவப்புப் பொத்தானை அழுத்தி மேடே எனும் ஆபத்து அழைப்பு விடுங்கள். பதில் இல்லையென்றால் பிஎல்பியை இயக்குங்கள். செலவு கேட்பார்களோ என்று நம்மவர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். பிரிட்டனில் கடல் மீட்புக்குக் கட்டணம் கிடையாது. செயின்ட் ஜஸ்டினியனிலும் ஃபிஷ்கார்டிலும் ஆர்என்எல்ஐ எனும் கடல் மீட்புத் தொண்டு அமைப்பின் உயிர்காப்புப் படகுகள் இருக்கின்றன. தாமதமாக அழைப்பதைவிடச் சீக்கிரம் அழைப்பதையே அவர்கள் விரும்புகிறார்கள்.

10. கரையேறிய பிறகு

படகைப் பூட்டுவதற்கு முன்பே மூன்று பேருக்குச் சொல்லுங்கள்: ரேடியோவில் கடலோரக் காவல் நிலையத்துக்கு, செய்தியில் நண்பருக்கு, சேஃப்டிரெக்ஸில் பயணத்தை முடிக்கும் பொத்தானுக்கு. குடாவுக்குள் சிக்னல் இல்லையென்றால், நடைபாதையில் மேட்டுக்கு ஏறி அனுப்பிவிட்டு வந்து உடை மாற்றுங்கள்.

வீடு திரும்பியதும் ரேடியோ, பிஎல்பி, உடை எல்லாவற்றையும் நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். உடையின் ஜிப் பற்களில் உப்பும் மணலும் தங்கினால் அடுத்த முறை பாதியில் சிக்கும். பழைய பல் துலக்கியால் தேய்த்து மெழுகு தடவி வையுங்கள். அறை மூடிகளைக் கழற்றி உள்ளே காற்றாட விடுங்கள். எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடந்தீர்கள், ஓட்டம் எங்கே கணக்கோடு ஒத்தது, எங்கே முந்தியது என்பதை அன்றிரவே வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். அடுத்த அஷ்டமிக்கு நேரம் கணக்கிடும்போது, எந்த வழிகாட்டி நூலையும்விட அந்தக் குறிப்பு உங்களுக்கு உதவும்.